சிகாகோ பெல்ட் ரயில்வே: நகரத்தை வளைத்து ஓடும் ஷன்டிங் பாதையின் வரலாறு – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெல்ட் ரயில்வே என்றால் என்ன? மற்ற ரயில்வேக்களிலிருந்து அது எப்படி வேறுபடுகிறது?

சாதாரண ரயில்வே ஊரிலிருந்து ஊருக்கு ஓடும். பெல்ட் ரயில்வே ஒரே ஊரைச் சுற்றித்தான் ஓடும். அந்த ஊருக்கு வந்து சேரும் மற்ற ரயில்வேக்களின் சரக்கு வேகன்களை வாங்கி, பிரித்து, சேர வேண்டிய கம்பெனியிடம் ஒப்படைப்பதுதான் அதன் தொழில். வழியில் இருக்கும் ஆலைகளுக்கு வேகன்களைக் கொண்டுபோய்ச் செருகுவதும், நிரம்பியதை இழுத்து வருவதும் அதோடு சேர்ந்த வேலை.

இந்தப் பக்கம் முக்கியமாக சிகாகோவின் பெல்ட் ரயில்வே பற்றியது. இனி சுருக்கமாக பி.ஆர்.சி. என்று சொல்வோம். அதன் பிரதான பாதை 28 மைல்தான். யார்டுகளிலும் (வேகன்களை நிறுத்திப் பிரிக்கும் பல தடங்கள் கொண்ட இடங்கள்) பக்கவாட்டிலும் உள்ள ஷன்டிங் தடங்களை, அதாவது வேகன்களைப் பிரித்துக் கோர்க்கும் தடங்களை, கூட்டினால் 300 மைலைத் தாண்டும். ஓடுவதற்கு இல்லை, பிரித்துக் கோர்ப்பதற்கே இது கட்டப்பட்டது என்று இந்த இரண்டு எண்களே சொல்லிவிடும்.

சிகாகோவுக்கு ஏன் இப்படி ஒன்று தேவைப்பட்டது?

அமெரிக்காவில் அட்லாண்டிக் கரையிலிருந்து பசிபிக் கரை வரை தன் சொந்தப் பாதையிலேயே சரக்கைக் கொண்டுபோகும் ஒரே ரயில்வே அன்றும் இல்லை, இன்றும் இல்லை. கிழக்கிலிருந்து வந்த கம்பெனிகள் மிச்சிகன் ஏரியின் தென்முனையைச் சுற்றி சிகாகோவில் வந்து நின்றன. மேற்கே போன கம்பெனிகள் அங்கிருந்து புறப்பட்டன. 1848-ல் கலீனா அண்ட் சிகாகோ யூனியன் மேற்கு நோக்கி முதல் பாதையைத் தொடங்கியது. 1852-ல் மிச்சிகன் சென்ட்ரலும் மிச்சிகன் சதர்னும் கிழக்கிலிருந்து வந்து சேர்ந்தன. அதன்பின் ஒவ்வொரு கம்பெனியும் தனக்கென்று ஒரு நிலையம், ஒரு சரக்குக் கூடம், ஒரு யார்டு என்று கட்டிக்கொண்டது.

ஒவ்வொருவரும் தனித்தனியாகக் கட்டியதுதான் சிக்கல். நியூயார்க்கிலிருந்து வந்த வேகன் அயோவாவுக்குப் போக வேண்டும் என்றால், ஒரு கம்பெனியின் யார்டிலிருந்து இன்னொரு கம்பெனியின் யார்டுக்கு யாராவது அதை இழுத்துப் போயாக வேண்டும். இருபது கம்பெனிகள் இருந்தால், ஒவ்வொன்றும் மற்ற பத்தொன்பதோடும் நேரடியாகக் கொடுக்கல் வாங்கல் செய்ய 190 ஜோடி இணைப்புகள் வேண்டும். ஒவ்வோர் இணைப்புக்கும் தனி எஞ்சின், தனி ஆட்கள், வழியெல்லாம் அடுத்தவர் பாதையைக் குறுக்கே கடக்கும் டைமண்ட் கிராசிங். நடுவில் ஒரே இடத்தில் எல்லோரும் கொட்டி, எல்லோரும் அங்கிருந்தே எடுத்துக்கொண்டால் 20 இணைப்பு போதும். பெல்ட் ரயில்வேயின் பிறப்புக்கு இந்தக் கணக்கைவிடப் பெரிய காரணம் எதுவும் இல்லை.

தாமதத்துக்கு விலையும் உண்டு. அடுத்தவருடைய வேகன் நம் பாதையில் நிற்கும் வரைக்கும் அதற்கு வாடகை கொடுக்க வேண்டும். நின்ற வேகனும் வாடகையைத் தின்னும்.

யார் தொடங்கினார்கள்?

கதை 1879-ல் சிகாகோ அண்ட் வெஸ்டர்ன் இண்டியானா என்ற கம்பெனியோடு ஆரம்பமாகிறது. நகரத்துக்குள் நுழைய இடம் கிடைக்காமல் வெளியே நின்ற ரயில்வேக்களுக்குப் பாதை போட்டு வாடகைக்கு விடுவதே அதன் நோக்கம். டால்டன் பக்கமிருந்து நகரத்தின் நடுப்பகுதி வரை பாதை வந்தது. 1885-ல் டியர்போர்ன் நிலையம் திறந்தது. மொனான், வபாஷ், ஈரி, கிராண்ட் டிரங்க் வெஸ்டர்ன், சிகாகோ அண்ட் ஈஸ்டர்ன் இல்லினாய் ஆகிய ஐந்து கம்பெனிகள் இந்தப் பாதையின் பின்னால் இருந்தவை.

நகருக்குள் நுழைவது ஒரு பிரச்சினை என்றால், நகரைச் சுற்றி மற்றவர்களோடு வேகன் மாற்றுவது இன்னொன்று. அதற்காக 1882-ல் பெல்ட் ரயில்வே தனிக் கம்பெனியாகப் பதிவானது. தடத்தின் சொந்தக்காரர் வெஸ்டர்ன் இண்டியானா, அதைக் குத்தகைக்கு எடுத்து நடத்துபவர் பெல்ட் ரயில்வே என்பது ஏற்பாடு.

பெல்ட் என்றால் முழு வட்டமா?

இல்லை. கிழக்கே ஏரி இருப்பதால் சிகாகோவில் எந்த பெல்ட்டும் வட்டமாக மூட முடியாது. பி.ஆர்.சி. பாதை வடமேற்கில் கிரேகின் பகுதியில் தொடங்கித் தெற்கே இறங்கி, தன் பெரிய யார்டான கிளியரிங் யார்டுக்கு அருகே கிழக்கே திரும்பி, எஃகு ஆலைகள் இருந்த தெற்கு சிகாகோவில் முடிகிறது. படத்தில் பார்த்தால் ‘ட’ போல இருக்கும். நகரத்துக்கு வரும் பாதைகள் எல்லாம் ஆரங்களாக உள்ளே நுழைவதால், இந்த ஒரு கோடு ஏறக்குறைய அத்தனையையும் வெட்டிவிடுகிறது. வெட்டும் இடத்திலெல்லாம் இணைப்பு வைத்தார்கள்.

1880-களில் இந்தப் பாதை ஊரின் விளிம்பில், புல்வெளியில் போனது. பிறகு ஊர் அதைத் தாண்டி வளர்ந்துவிட்டது. இன்று வீடுகளுக்கு நடுவே ஓடுகிறது.

‘ஸ்டிக்னி வட்டம்’ என்று படிக்கிறோமே, அது என்ன?

ஏ. பி. ஸ்டிக்னி என்பவர் சிகாகோ கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேயின் தலைவர். வங்கிகள் ஒரே அறையில் கூடிக் காசோலைகளை மாற்றிக்கொள்வதைப்போல, ரயில்வேக்கள் ஊருக்கு வெளியே ஒரே இடத்தில் கூடி வேகன்களை மாற்றிக்கொள்ளலாம் என்று 1890 வாக்கில் முனைந்தார். நகரின் தென்மேற்கே நிலம் வாங்கி, சுமார் ஒரு மைல் விட்டமுள்ள வட்டத் தடம் போடத் திட்டமிட்டார். எந்தத் திசையிலிருந்து வரும் வண்டியும் வட்டத்தில் ஏறி, தனக்கு வேண்டிய இடத்தில் இறங்கலாம் என்பது எண்ணம்.

1893-ன் நிதி நெருக்கடி அதை நிறுத்தியது. நெருக்கடி வராவிட்டாலும் வட்டம் வேலைக்கு ஆகியிருக்குமா என்பது சந்தேகமே. வேகன்களைப் பிரிக்க நீளமான, நேரான, பக்கத்தில் பக்கத்தில் ஓடும் தடங்கள் வேண்டும். வளைவில் கப்ளிங்குகள், அதாவது வேகன்களைக் கோர்க்கும் கொக்கிகள், ஒன்றுக்கொன்று நேராக நிற்காது, மோதும்போது தவறிப்போகும். ஆனால் இடத்தேர்வு அபாரமானது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதே நிலத்தில், வேகன்களை மேட்டிலிருந்து உருட்டிப் பிரிக்கும் ஹம்ப் யார்டு எழுந்தது. அதுதான் கிளியரிங் யார்டு.

1912 ஏன் முக்கியமான ஆண்டு?

அதுவரை ஐந்து கம்பெனிகளின் கையில் இருந்த பெல்ட்டுக்கு அந்த ஆண்டு 12 கம்பெனிகள் பங்குதாரர்கள் ஆனார்கள். சாண்டா ஃபே, பர்லிங்டன், ராக் ஐலண்ட், இல்லினாய் சென்ட்ரல், பென்சில்வேனியா, சூ லைன் போன்ற பெரிய பெயர்கள் உள்ளே வந்தன. பின்னால் பியர் மார்க்கெட் 13-ஆவதாகச் சேர்ந்தது. கிளியரிங் யார்டையும் வாங்கித் திருத்திக் கட்டினார்கள்.

பி.ஆர்.சி. இன்றுவரை நிலைத்ததற்கு இந்த ஏற்பாடே காரணம் என்பது எங்கள் கருத்து. தன் வேகன்களைப் போட்டிக் கம்பெனியின் யார்டில் விட எவருக்கும் மனம் வராது. தன் சரக்கு வேண்டுமென்றே பின்னுக்குத் தள்ளப்படும் என்ற பயம் நியாயமானது. எல்லோருக்கும் பங்கு உண்டு, எவருக்கும் பெரும்பான்மை இல்லை என்றால் அந்தப் பயம் குறைகிறது. இதற்கு மறுபக்கமும் உண்டு. பெரிய செலவு ஒன்று வரும்போது எல்லா முதலாளிகளும் தலையாட்ட வேண்டும். அதனால் புதுப்பிக்கும் வேலைகள் மெதுவாகவே நகரும்.

அதே 1912-ல் செயின்ட் லூயிஸ் நகரின் டெர்மினல் ரயில்ரோடு அசோசியேஷன் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மிசிசிப்பி ஆற்றுப் பாலங்களும் நகரத்தின் இணைப்புப் பாதைகளும் ஒரு கூட்டமைப்பின் கையில் இருந்தன. வெளியே நிற்கும் ரயில்வேக்களையும் நியாயமான நிபந்தனையில் சேர்த்துக்கொள்ளவோ பயன்படுத்த விடவோ வேண்டும் என்பது தீர்ப்பு. போட்டிச் சட்டம் படிப்பவர்கள் இன்றும் இந்த வழக்கைப் படிக்கிறார்கள்.

கிளியரிங் யார்டில் ஒரு வேகன் உள்ளே வந்து வெளியே போவது வரை என்ன நடக்கிறது?

யார்டின் அளவை முதலில் சொல்லிவிடலாம். சுமார் ஐந்தரை மைல் நீளம், 786 ஏக்கர், 250 மைலுக்கு மேல் தடங்கள். கிழக்கே போவதற்கு ஒன்று, மேற்கே போவதற்கு ஒன்று என்று இரண்டு தொகுதி. ஒவ்வொன்றிலும் வருகை யார்டு, பிரிக்கும் யார்டு, புறப்பாட்டு யார்டு என்று மூன்று பகுதி. நடுவே மேடு, அதாவது ஹம்ப்.

மேற்கிலிருந்து ஒரு வேகன் மரப்பலகை ஏற்றிக்கொண்டு வருகிறது, ஓஹாயோவுக்குப் போக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அதைக் கொண்டுவரும் ரயில்வே தன் வண்டியை வருகைத் தடத்தில் விட்டு, எஞ்சினைக் கழற்றிக்கொண்டு போய்விடும். பரிசோதகர்கள் சக்கரம், பிரேக் கட்டை, கப்ளிங், கதவுப் பூட்டு ஆகியவற்றைப் பார்ப்பார்கள். அவர்கள் தவறாமல் செய்தாக வேண்டிய வேலை காற்றை வெளியேற்றுவது. ஒவ்வொரு வேகனின் பக்கவாட்டிலும் ஒரு கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். அதை இழுத்தால் பிரேக் சிலிண்டரில் தேங்கிய காற்று சீறிக்கொண்டு வெளியேறி, பிரேக் விடுபடும். கை பிரேக் போட்டிருந்தால் அதையும் அவிழ்க்க வேண்டும்.

பிறகு ஷன்டிங் எஞ்சின் பின்னாலிருந்து முழு வரிசையையும் மேட்டை நோக்கித் தள்ளும். வேகம் மணிக்கு இரண்டு மூன்று மைல், மனிதர் நடக்கிற வேகம். உச்சிக்குச் சற்று முன்னால் ஒருவர் நிற்பார். கையில் பட்டியல் இருக்கும்: இந்த ஒரு வேகன் 12-ஆம் தடம், அடுத்த மூன்றும் சேர்ந்து 7-ஆம் தடம் என்று. அவர் வேகனோடு கூடவே நடந்து, கப்ளிங் நெம்புகோலைத் தூக்கிப் பிடிப்பார். பின்னாலிருந்து தள்ளுவதால் அந்த இடத்தில் கப்ளிங்குகள் ஒன்றை ஒன்று நெருக்கிக்கொண்டு தளர்வாக இருக்கும். கப்ளிங்கைப் பூட்டும் இரும்பு முளையான ‘பின்’ சுலபமாக எழும். வேகன் உச்சியைத் தாண்டிவிட்டால் அதன் எடை முன்னால் இழுக்கும், கப்ளிங் இறுகிக்கொள்ளும், ‘பின்’ அசையாது. அப்புறம் வண்டியை நிறுத்தி, பின்னால் இழுத்து, மறுபடி தள்ள வேண்டியதுதான். சில அடி தூரத்துக்குள் முடிய வேண்டிய வேலை அது.

பிரிந்த வேகன் தன் எடையால் தானே சரிவில் உருளும். கீழே பாயிண்டுகள், அதாவது தடம் மாற்றும் நகரும் தண்டவாளங்கள், அதற்குரிய தடத்துக்குத் திரும்பியிருக்கும். வழியில் ரிடார்டர்கள், அதாவது தண்டவாளத்தின் இரு பக்கமும் படுத்திருக்கும் நீண்ட இரும்புத் தாடைகள், சக்கரத்தின் பக்கங்களை நெருக்கிப் பிடித்து வேகத்தைக் குறைக்கும். அந்த நேரம் எழும் கீச்சொலி தூரத்துக்குக் கேட்கும். தடத்தில் முன்பே நிற்கும் வேகனோடு மணிக்கு நான்கு மைலுக்கு மேற்படாமல் போய் ஒட்ட வேண்டும். வேகம் கூடினால் உள்ளே இருக்கும் சரக்கு நொறுங்கும்.

ஒரு தடம் நிரம்பியதும் எதிர்முனையிலிருந்து இன்னொரு எஞ்சின் வந்து அதை இழுத்துப் புறப்பாட்டு யார்டில் வைக்கும். அங்கே ஹோஸ் பைப்புகளை இணைத்து, காற்று நிரப்பி, பிரேக் சோதனை. 20 மைலுக்கு உட்பட்ட மாற்று வண்டி என்றால் அமெரிக்க விதி கொஞ்சம் எளிது: சதுர அங்குலத்துக்குக் குறைந்தது 60 பவுண்டு அழுத்தம் நிரப்பி, 15 பவுண்டு குறைத்து, ஒவ்வொரு வேகனிலும் பிரேக் பிடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். நெடுந்தூர வண்டிக்குக் குறைந்தது 75 பவுண்டு, 20 பவுண்டு குறைப்பு, கசிவுச் சோதனை என்று கெடுபிடி கூடும். பெல்ட் ரயில்வேயின் ஓட்டம் பெரும்பாலும் முதல் வகை. நாள் ஒன்றுக்கு எத்தனை முறை இந்தச் சோதனை நடக்கிறது என்பதை நினைத்தால் அந்தச் சலுகையின் மதிப்பு புரியும்.

ரிடார்டர் வருவதற்கு முன் வேகனை எப்படி நிறுத்தினார்கள்?

மனிதர்களை வைத்து. ஒவ்வொரு வேகனுக்கும் அல்லது சேர்ந்து உருளும் இரண்டு மூன்று வேகனுக்கும் ஒருவர் ஏறி உட்கார்ந்து, கை பிரேக் சக்கரத்தைத் திருகிக்கொண்டே இறங்குவார். கீழே சேர்ந்ததும் மேட்டுக்குத் திரும்பி வந்து அடுத்ததில் ஏற வேண்டும். மழையிலும் பனியிலும் ஏணிப்படி வழுக்கும். இரவில் முன்னால் நிற்கும் வேகன் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது கண் கணக்குத்தான். எத்தனையோ பேர் கையையும் காலையும் உயிரையும் இழந்தார்கள்.

ரிடார்டர் பிறந்ததும் சிகாகோ வட்டாரத்தில்தான். இண்டியானா ஹார்பர் பெல்ட் ரயில்வேயைச் சேர்ந்த ஜார்ஜ் ஹனாவர் அதை உருவாக்க முன்னின்றார். அந்தக் கம்பெனியின் கிப்சன் யார்டில் 1920-களின் நடுவில் அது வேலை செய்யத் தொடங்கியது. அதன்பின் ஒரு கோபுரத்தில் அமர்ந்த சிலர் நெம்புகோல்களை இயக்கியே வேகன்களை இறக்க முடிந்தது. இன்று வேகத்தை ரேடார் அளக்கிறது, எடையைத் தராசு சொல்கிறது, தாடை எவ்வளவு நெருக்க வேண்டும் என்பதைக் கணினி முடிவு செய்கிறது.

அதற்கு முந்தைய மாற்றமும் உண்டு. பழைய காலத்தில் இரண்டு வேகனுக்கு நடுவே நின்று, வளையத்தில் பின்னைக் கையால் செருகித்தான் இணைப்பார்கள். யார்டில் வேலை செய்தவருக்கு எல்லா விரலும் இருந்தால் புதிதாகச் சேர்ந்தவர் என்று நினைப்பார்களாம். 1893-ன் பாதுகாப்புச் சட்டம் தானியங்கி கப்ளிங்கையும் ஏர் பிரேக்கையும் கட்டாயமாக்கியது. கம்பெனிகள் அவகாசம் கேட்டு இழுத்ததில் 1900-ல்தான் முழுமையாக அமலுக்கு வந்தது. அந்த ஏழு ஆண்டுத் தாமதத்தை மன்னிக்க முடியவில்லை.

ஹம்ப் யார்டில் என்னென்ன தவறு நடக்கும்?

அடிக்கடி நடப்பது, வேகன் பாதியில் நின்றுவிடுவது. காற்றைச் சரியாக வெளியேற்றவில்லை, கை பிரேக் அவிழ்க்கவில்லை, குளிரில் பேரிங் கிரீஸ் கெட்டியாகிவிட்டது, எதிர்க்காற்று வீசுகிறது – இவற்றில் ஏதோ ஒன்று. காலியான, உயரமான பெட்டி வேகனைச் சிகாகோவின் காற்று எளிதாகத் தடுத்துவிடும். நின்ற வேகன் ஃபவுலிங் மார்க்கை (பக்கத்துத் தடத்தில் வருவது இடிக்காமல் இருக்கத் தாண்டி நிற்க வேண்டிய எல்லைக்குறி) தாண்டாமல் நின்றிருந்தால் பக்கத்துத் தடத்தில் வரும் அடுத்த வேகன் அதன் மூலையை இடித்துத் தடம்புரளும்.

இரண்டாவது, பின்னால் வருவது முன்னால் போவதைப் பிடித்துவிடுவது. மெதுவான காலி வேகனுக்குப் பின்னால் கனமான வேகன் வேகமாக வந்தால், இரண்டுக்கும் நடுவே பாயிண்டைத் திருப்ப இடைவெளி இருக்காது. சக்கரம் மேலே இருக்கும்போது பாயிண்ட் திரும்பாதபடி தட மின்சுற்று பூட்டி வைத்திருக்கும். அது இல்லாவிட்டால் வேகனின் முன்பக்கம் ஒரு தடத்திலும் பின்பக்கம் இன்னொரு தடத்திலும் போய்விடும். பூட்டு இருப்பதால் விபத்து தவிர்கிறது, ஆனால் வேகன் தவறான தடத்துக்குப் போய்ச் சேர்கிறது. அதைத் தேடி எடுத்து மறுபடி மேட்டில் ஏற்ற வேண்டும். அதற்குள் அது போக வேண்டிய வண்டி புறப்பட்டிருக்கும். ஒரு நாள் போனது.

மூன்றாவது, வேகம் கட்டுப்படாமல் போவது. சக்கரத்தின் பக்கத்தில் எண்ணெயோ கிரீஸோ படிந்திருந்தால் ரிடார்டர் தாடை வழுக்கும். எண்ணெய் கசியும் வேகன் ஒன்று போனால் அதன்பின் வரும் பலவற்றுக்கும் அந்தத் தொல்லை தொடரும்.

நான்காவது, கப்ளிங் ஒட்டாமல் போவது. இரண்டு பக்கத்துக் கப்ளிங்கும் மூடியிருந்தால் மோதித் திரும்பும். பக்கவாட்டில் விலகியிருந்தால் ஒன்றை ஒன்று தாண்டிப் போய் மாட்டிக்கொள்ளும். யார்டு ஆட்கள் மிகவும் வெறுப்பது இந்தக் கடைசியைத்தான், பிரித்தெடுக்க நேரம் பிடிக்கும். கை பிரேக்கோடு இழுத்துவிட்ட வேகனின் சக்கரம் ஒரு பக்கம் தட்டையாகிவிடும் என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ளலாம்.

எல்லா வேகனையும் மேட்டில் விடலாமா?

கூடாது. ஆபத்தான வாயு ஏற்றிய சில டேங்கர்கள், நடுப்பகுதி தாழ்ந்த கனரக வேகன்கள், உடையும் சரக்கு என்று குறிக்கப்பட்டவை ஆகியவற்றை எஞ்சினோடு சேர்த்தே கொண்டுபோய்த் தடத்தில் வைக்க வேண்டும். பட்டியல் தயாரிப்பவர் இதைத் தவறவிட்டால் கீழே இருப்பவர் கண்டுபிடிக்க வாய்ப்பு குறைவு.

ஆயிரக்கணக்கான வேகன்களில் எது எங்கே நிற்கிறது என்று எப்படித் தெரியும்?

நெடுங்காலம் எழுத்தர்கள் தடத்தின் ஓரமாக நடந்து, வேகன் எண்ணை எழுதிக்கொண்டு வந்தார்கள். 1967-ல் கார்ட்ராக் என்ற முறை வந்தது. வேகனின் பக்கத்தில் வண்ணப் பட்டைகள் ஒட்டி, தடத்தோரக் கருவியால் படிக்கும் ஏற்பாடு. யோசனை நன்றாகத்தான் இருந்தது. அழுக்கும் புகையும் கீறலும் பட்டையை மூடிவிட்டன. படிக்க முடியாதவை பெருகியதால் 1977-ல் கைவிட்டார்கள். 1990-களில் ரேடியோ அலையில் பதில் சொல்லும் அடையாள வில்லைகள் வந்த பிறகுதான் இது தீர்ந்தது. அழுக்கு ரேடியோ அலையைத் தடுப்பதில்லை.

சிகாகோவைச் சுற்றி வேறு பெல்ட்டுகளும் உண்டா?

உண்டு. நகரம் வெளியே வளர வளர ஒவ்வொரு வளையமாக வந்தது.

பி.ஆர்.சி.க்கு வெளியே இண்டியானா ஹார்பர் பெல்ட். இந்தப் பெயரில் 1907-ல் உருவானது. ஓஹேர் விமான நிலையத்துக்கு அருகே ஃப்ராங்க்ளின் பார்க்கிலிருந்து தெற்கே இறங்கி வடமேற்கு இண்டியானா வரை போகிறது. நியூயார்க் சென்ட்ரல் குடும்பத்தைச் சேர்ந்தது. ப்ளூ ஐலண்டும் கிப்சனும் அதன் யார்டுகள். எஃகு ஆலைகளும் எண்ணெய்ச் சுத்திகரிப்பும் அதற்குச் சோறு போட்டவை.

அதற்கும் வெளியே எல்ஜின், ஜோலியட் அண்ட் ஈஸ்டர்ன். வடக்கே வாக்கீகன் முதல் தென்கிழக்கே கேரி வரை, நகர மையத்திலிருந்து 30, 40 மைல் தள்ளி, சுமார் 130 மைல் வில். 1880-களின் கடைசியில் உருவாகி, பிறகு எஃகுக் கம்பெனியின் கைக்கு வந்து, 1901-ல் யு.எஸ். ஸ்டீல் பிறந்தபோது அதன் சொத்தானது. கூட்டுறவு அமைப்பாக இல்லாமல் ஒரு முதலாளியின் ஆலைக்காக ஓடிய பாதை இது. எஃகுத் தொழில் சுருங்கியதும் பாதையும் காலியானது. 30 கோடி டாலருக்குக் கனடியன் நேஷனல் அதை வாங்கியது. 2008 டிசம்பரில் அனுமதி கிடைத்து, 2009-ன் தொடக்கத்தில் கைமாறியது. சிகாகோவுக்குள் நுழையாமலேயே தன் பாதைகளை எல்லாம் இணைத்துவிடலாம் என்பது கனடியன் நேஷனலின் கணக்கு. பாரிங்டன் போன்ற புறநகர்கள் கடுமையாக எதிர்த்தன. நெருக்கடி நகரத்தை விட்டு அவர்கள் லெவல் கிராசிங்குக்கு இடம் மாறியதால் அவர்கள் கோபத்தில் நியாயம் இருந்தது.

அமெரிக்காவின் முதல் பெல்ட் ரயில்வே சிகாகோவில் வரவில்லை. 1877-ல் திறந்த இண்டியானாபொலிஸ் பெல்ட்டுக்கே அந்தப் பெருமை.

ஆலைகளுக்கு இதனால் என்ன லாபம்?

பெல்ட்டின் மேல் ஆலை வைத்தவருக்கு எல்லா ரயில்வேயும் வாசலுக்கு வந்த மாதிரி. ஒரு கம்பெனியின் பாதையில் மட்டும் ஆலை இருந்தால் கட்டணத்தில் பேரம் பேச முடியாது. பெல்ட்டில் இருந்தால் யார் குறைவாகக் கேட்கிறாரோ அவரிடம் கொடுக்கலாம், ஷன்டிங் கட்டணம் மட்டும் தனி. அதனால்தான் கிளியரிங் யார்டைச் சுற்றி ஒரு தொழிற்பேட்டையே எழுந்தது. ஆர்கோவின் பிரம்மாண்ட மக்காச்சோள ஆலையும் அந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது. இதே தர்க்கத்தில் 1865-ல் திறந்த கால்நடைச் சந்தைக்குப் பக்கத்தில் 1905-ல் சென்ட்ரல் மேனுஃபாக்சரிங் டிஸ்ட்ரிக்ட் வந்தது. திட்டமிட்ட தொழிற்பேட்டைகளில் அது உலகிலேயே முன்னோடி வரிசையில் நிற்பது.

பெல்ட் இருந்தும் சிகாகோவில் வண்டிகள் ஏன் மணிக்கணக்கில் நிற்கின்றன?

பெல்ட் மற்றவர்களின் பாதைகளை எல்லாம் வெட்டிக்கொண்டு போகிறது என்று மேலே சொன்னோம். அந்த வெட்டுகள் தரைமட்டத்தில் இருந்தால் ஒரு வண்டி போக இன்னொன்று நிற்க வேண்டும். மைல் கணக்கில் நீளும் சரக்கு வண்டி ஒன்று ஒரு டைமண்டில் நின்றால், அதன் வால் பின்னால் உள்ள இன்னொரு டைமண்டை அடைத்திருக்கும். அங்கே நிற்பதன் வால் இன்னொன்றை அடைக்கும். பிரைட்டன் பார்க் என்ற சந்திப்பில் 2007 வரைக்கும் ஒவ்வொரு வண்டியும் நின்று, அங்கே குடிசையில் இருப்பவர் கையால் சிக்னல் கை மாற்றிய பிறகுதான் போக முடிந்தது. நாட்டின் சரக்கு ரயில்களில் ஏறக்குறைய கால்வாசி கடந்துபோகும் நகரத்தில் இந்த நிலை.

1999 ஜனவரித் தொடக்கத்தில் 22 அங்குலம் அளவுக்குப் பனி கொட்டியது. பாயிண்டுகள் உறைந்தன. யார்டுகள் நிரம்பின. ஒவ்வொரு கம்பெனியும் தன் வண்டிகளைச் சிகாகோவை நோக்கி அனுப்பிக்கொண்டே இருந்ததால் நெரிசல் வாரக்கணக்கில் நீடித்தது. அடுத்தவரின் யார்டு நிரம்பியிருக்கிறது என்று ஒருவருக்கும் முழுப்படம் தெரியாததே முக்கியக் காரணம். அதன்பின் எல்லா ரயில்வேக்களும் சேர்ந்து ஒரு ஒருங்கிணைப்பு அலுவலகம் வைத்தன. பனி அளவும் யார்டு நிலவரமும் ஒரு கட்டத்தைத் தாண்டினால் வண்டிகளை வெளியிலேயே திருப்பிவிடும் முறை வந்தது.

2003-ல் கிரியேட் என்ற திட்டம் தொடங்கியது. மத்திய அரசு, இல்லினாய் மாநிலம், நகரம், ரயில்வேக்கள் எல்லாம் சேர்ந்த 70 வேலைகள். எங்கில்வுட் மேம்பாலம் 2014-ல் முடிந்து, புறநகர் ரயிலையும் சரக்குப் பாதையையும் பிரித்தது. பி.ஆர்.சி. ஓடும் 75-ஆவது தெரு வழித்தடம் அதில் மிகச் சிக்கலான பகுதி.

கண்டெய்னர் வந்த பிறகு ஹம்ப் யார்டு தேவைதானா?

தேவை குறைந்தது, தீர்ந்துவிடவில்லை. கண்டெய்னர் வண்டியைப் பிரிப்பதில்லை. எஞ்சினோடு அப்படியே அடுத்த கம்பெனிக்குக் கைமாற்றுகிறார்கள். சில கண்டெய்னர்களை ஒரு யார்டில் இறக்கி, லாரியில் ஏற்றி, நகரத்தைக் கடந்து இன்னொரு யார்டில் ஏற்றுகிறார்கள். பெல்ட் ரயில்வே தீர்க்க வந்த சிக்கலை இப்படிச் சாலையில் கொட்டுவது எங்களுக்கு வருத்தமே. ஆனால் ரசாயனம், மரம், எஃகுச் சுருள் போன்றவை பெரும்பாலும் ஒன்றும் இரண்டுமாகத்தான் வருகின்றன. அவற்றைப் பிரிக்க மேட்டைவிட வேகமான வழி இல்லை. கிளியரிங் யார்டு நாளுக்கு 8,400 வேகன் வரை கையாளும் திறன் கொண்டது என்பது கம்பெனியின் கணக்கு.

இப்போது உரிமையாளர் யார்?

பங்கு மாறவில்லை, பங்குதாரர்கள்தான் ஒருவரை ஒருவர் விழுங்கினார்கள். பர்லிங்டனும் சாண்டா ஃபேயும் சேர்ந்து பி.என்.எஸ்.எஃப். ஆயின. இல்லினாய் சென்ட்ரலும் கிராண்ட் டிரங்கும் கனடியன் நேஷனலுக்குப் போயின. சூ லைன் கனடியன் பசிபிக்குக்குப் போனது, அது 2023-ல் கன்சாஸ் சிட்டி சதர்னோடு இணைந்து சி.பி.கே.சி. ஆனது. வபாஷ் நார்ஃபோக் சதர்னுக்குள் சென்றது. மொனானும் பியர் மார்க்கெட்டும் சி.எஸ்.எக்ஸ். ஆயின. ஈஸ்டர்ன் இல்லினாயின் பங்கு யூனியன் பசிபிக் கைக்கு வந்தது. ராக் ஐலண்ட் 1980-ல் மூடப்பட்டது. ஆக, ஆறு பெரிய ரயில்வேக்கள்.

யார்டை நேரில் பார்க்கலாமா?

உள்ளே அனுமதி இல்லை. தடத்தின் மேல் நடப்பது சட்டப்படி குற்றம், ஹம்ப் யார்டில் அது உயிருக்கும் ஆபத்து. எஞ்சின் இல்லாமல் தனியாக உருண்டு வரும் வேகன் ஒன்று சத்தமில்லாமல் பின்னாலேயே வந்து நிற்கும். மிட்வே விமான நிலையம் யார்டுக்கு வடக்கே பக்கத்திலேயே இருக்கிறது. தெற்கு நோக்கி ஏறும் விமானத்தில் ஜன்னல் ஓரம் கிடைத்தால் இரண்டு தொகுதித் தடங்களும் நடுவில் மேடும் தெளிவாகத் தெரியும்.